தகடு எவ்வளவு தொய்யும்? வளைவுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் இரண்டு வகை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் ஒரு வகை. மணலி, எண்ணூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. பிள்ளைகள் ‘டிஃப்ளெக்‌ஷன்’ என்பார்கள், பட்டறைக்காரர்கள் ‘தொய்வு’ என்பார்கள். கேள்வி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்குக்கு ஒரே ஒரு தகட்டை வைத்துக்கொள்வோம். 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம், 10 மி.மீ. கனம், எஃகு. மேலே பரவலான சுமை, சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (சுமார் 500 கிலோ). பக்கத்தை ‘ப’ என்றும், சுமையைச் ‘சு’ என்றும், தகட்டின் விறைப்பை ‘வி’ என்றும் எழுதுகிறேன். யங் குணகத்தை (பொருள் எவ்வளவு விறைப்பானது என்ற எண்) கனத்தின் மும்மடியால் பெருக்கி, 12 × (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) என்பதால் வகுத்தால் வருவது விறைப்பு. பாய்சான் விகிதம் என்பது, ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது. யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்று போட்டால் நம் தகட்டுக்கு வி = 18,315 நியூட்டன்-மீட்டர்.

பீம் கணக்கு போதாதா? 1 மீட்டர் அகலப் பட்டையாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எடுத்துக்கொள்ளலாம். 3.9 மி.மீ. தொய்வு வரும். ஆனால் நாலு பக்கமும் தாங்கல் உள்ள தகடு உண்மையில் தொய்வது 1.1 மி.மீ. தான். இரண்டு திசையிலும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கிறது, போதாததற்கு முறுக்கலாலும் கொஞ்சம் தாங்குகிறது. பீமுக்கு இந்த முறுக்கல் கிடையாது.

நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆனதும் கதை மாறிவிடும். அப்போது தகட்டின் தொய்வு, பட்டைக் கணக்கில் வருவதில் கிட்டத்தட்ட 71 சதவீதத்தைத் தொட்டுவிடும். நீளமான கால்வாய் மூடிக்குப் பட்டைக் கணக்கே போதும். அதற்காகக் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம்.

சூத்திரம் புத்தகத்திலேயே இருக்கிறதே, எண்முறை எதற்கு?

நாலு பக்கமும் எளிய தாங்கலில் (விளிம்பு கீழே இறங்காது, ஆனால் சுழலலாம்) உட்கார்ந்திருக்கும் செவ்வகத்துக்கு 1820-களிலேயே நேவியர் இரட்டைத் தொடரில் விடை கொடுத்துவிட்டார். சதுரத் தகட்டின் நடுவில் தொய்வு 0.00406 × சு × ப⁴ ÷ வி. தொடரின் முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே 0.00416 வருகிறது. பிழை இரண்டரை சதவீதம்கூட இல்லை.

ஆனால் நம் ஊர்த் தகடு அந்தச் சட்டத்துக்குள் அடங்குமா? ஒரு பக்கம் வெல்டு, ஒரு பக்கம் சும்மா ஆங்கிள் மேல், ஒரு மூலையில் பைப் போக ஓட்டை. நாலு பக்கமும் இறுக்கிய (விளிம்பு சுழலவும் முடியாத) சதுரத்துக்கே கைக்கு அடக்கமான மூடிய சூத்திரம் கிடையாது. அங்கேதான் எண்முறைகள் (சூத்திரம் இல்லாமல் எண்களாகவே போட்டுக் கிட்டத்தட்ட விடை காண்பவை) வேலைக்கு வந்தன. ரிட்ஸ் 1900-களின் கடைசியில், கலெர்கின் 1915-ல், வேறுபாட்டு முறைக்கு (வலைப்புள்ளிகளின் தொய்வு வித்தியாசங்களை வைத்துப் போடுவது) 1910-ல் ரிச்சர்ட்சன். தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்துப் போடும் முறைக்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரைக் கிளஃப் 1960-ல் வைத்தார். வைவாவில் வருடம் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். வேலைக்கு இது தேவைப்படாது.

வேறுபாட்டு முறையைக் கையால் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். போட்டுப் பார்க்காதவர்களிடம் நான் மென்பொருள் பற்றிப் பேசுவதில்லை.

தகட்டின் மேல் கோலப் புள்ளி வைப்பது போல வலை வையுங்கள். ஒரு புள்ளியின் சமன்பாட்டில் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளும் சேர்ந்து மொத்தம் 13 வரும். நடு வரிசையில் 5, மேலும் கீழும் 3, அதற்கப்பால் ஒவ்வொன்று. மார்கழியில் வாசலில் போடும் அதே வைர வடிவம். நடுப்புள்ளிக்கு 20, ஒட்டிய நான்குக்கும் −8, மூலைவிட்டத்தில் இருக்கும் நான்குக்கும் 2, இரண்டு தள்ளி இருக்கும் நான்குக்கும் 1. இந்த எண்களை மட்டும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

ஒவ்வொரு எண்ணையும் அந்தந்தப் புள்ளியின் தொய்வால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை, சு × (இடைவெளி)⁴ ÷ வி என்பதற்குச் சமம்.

இப்போது நம் சதுரத்தில் ஒரே ஒரு உள்புள்ளி, அதாவது நடுப்புள்ளி மட்டும். இடைவெளி ப/2. ஒட்டிய புள்ளிகளும் மூலைவிட்டப் புள்ளிகளும் விளிம்பிலேயே விழுகின்றன, அங்கே தொய்வு பூஜ்யம். மிஞ்சுவது விளிம்புக்கு வெளியே இருக்கும் நான்கு கற்பனைப் புள்ளிகள். எளிய தாங்கலில் விளிம்பில் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) இல்லை. ஆகவே வெளிப்புள்ளி உள்புள்ளியின் எதிர்க்குறி. 20 − 4 = 16. அதாவது 16 × தொய்வு = சு × ப⁴ ÷ (16 × வி). தொய்வு, சு × ப⁴ ÷ வி என்பதில் 1/256, அதாவது 0.00391.

சரியான விடை 0.00406. ஒரே புள்ளியில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், 4 சதவீதப் பிழைக்குள் வந்துவிட்டோம். இடைவெளியை ப/4 ஆக்கி 9 புள்ளி வைத்தால் (சமச்சீரால் மூன்றே மாறிகள்) 0.00403.

நாலு பக்கமும் இறுக்கியிருந்தால்?

இங்கேதான் பிள்ளைகள் முகம் மாறும். இறுக்கிய விளிம்பில் சரிவு பூஜ்யம். ஆகவே வெளிப்புள்ளி உள்புள்ளிக்கு அதே குறியில் சமம். 20 + 4 = 24. தொய்வு 1/384, அதாவது 0.0026. சரியான விடையோ 0.00126. இரண்டு மடங்குக்கும் மேல்!

ஒரே தகடு, ஒரே வலை, ஒரே முறை. விளிம்பில் ஒரு குறி மாறியதும் 4 சதவீதப் பிழை நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 9 புள்ளிக்குப் போனாலும் 0.0018 தான், இன்னும் 43 சதவீதம் அதிகம். காரணம் எளிது. இறுக்கிய தகடு விளிம்புக்கு அருகே ஒரு பக்கமாக வளைந்து, உள்ளே மறுபக்கமாக வளைகிறது. அந்தத் திருப்பத்தைப் பிடிக்க இரண்டு மூன்று புள்ளி போதாது.

நெருங்கிய இரண்டு வலைகளின் விடையை வைத்து அடுத்ததை ஊகிக்கும் ரிச்சர்ட்சன் தந்திரம் ஒன்று உண்டு. நெருக்கமான வலையின் விடையை நான்கால் பெருக்கி, அகலமானதைக் கழித்து, மூன்றால் வகுங்கள். எளிய தாங்கலுக்கு 0.00407 வரும், அற்புதம். இறுக்கிய தகட்டுக்கு 0.00153, இன்னும் 20 சதவீதம் தள்ளித்தான் நிற்கிறது. வலை போதுமான அளவு நெருங்கிய பிறகுதான் இந்தத் தந்திரம் பலிக்கும்.

ஃபைனைட் எலிமென்ட்டில் இந்தத் தொல்லை இல்லையா?

வேறு தொல்லை இருக்கிறது. மெல்லிய தகட்டுக் கோட்பாட்டில், அதாவது கிர்கோஃப் கோட்பாட்டில், பக்கத்துப் பக்கத்துக் கூறுகளுக்கு நடுவே தொய்வு மட்டும் ஒத்துப்போனால் பற்றாது, சரிவும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் தகடு மடித்த பேப்பர் மாதிரி மடிப்பு விழுந்து நிற்கும். முனைக்கு (கூறின் மூலைக்கு) மூன்று மாறி வைத்த பழைய 12 மாறிச் செவ்வகக் கூறு இந்த நிபந்தனையை முழுதாக நிறைவேற்றாது, ஆனாலும் செவ்வக வலையில் சரியான விடைக்கு வந்து சேரும். முறுக்கலையும் ஒரு மாறியாகச் சேர்த்து 16 மாறி ஆக்கி போக்னர், ஃபாக்ஸ், ஷ்மிட் மூவரும் 1965-ல் சரிவையும் ஒத்துப்போக வைத்தார்கள். செவ்வகத்துக்கு நேர்த்தியான கூறு. வளைந்த ஓரம் வந்தால் கையைப் பிசையும்.

இந்தச் சரிவுத் தொல்லையே வேண்டாம் என்றுதான் இன்றைய மென்பொருள்களில் பல ரைஸ்னர்–மிண்ட்லின் பக்கம் போயின. அங்கே தொய்வும் சுழற்சியும் தனித்தனி மாறிகள், தொய்வு மட்டும் ஒத்துப்போனால் போதும். அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

‘ஷியர் லாக்கிங்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

தகடு மெல்லியதாக ஆக ஆக, வளைய வேண்டிய கூறு வளையாமல் முரண்டு பிடிப்பது. நாலு முனைக் கூறால் சுத்தமான வளைவை வரைய முடியாது. வளைக்கச் சொன்னால் கூடவே இல்லாத நறுக்குத் திரிபையும் (ஷியர், அதாவது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவது போன்ற உருமாற்றம்) சேர்த்துக் காட்டும். வளைவின் ஆற்றல் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது, நறுக்கின் ஆற்றலோ வெறும் கனத்தைப் பொறுத்தது. ஆகவே பொய்யான நறுக்கு, (கூறின் அளவு ÷ கனம்) என்பதன் வர்க்க அளவுக்கு மேலோங்கும். நம் 10 மி.மீ. தகட்டை 250 மி.மீ. கூறுகளாகப் போட்டால் 25-ன் வர்க்கம், 625. தகடு கருங்கல் மாதிரி நிற்கும். தொய்வு மிகக் குறைவாக வருவதால் ‘அப்பாடா, பாஸ்’ என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. நறுக்குப் பகுதியைக் குறைந்த புள்ளிகளில் தொகையிடுவது (1971), முக்கோணத்தில் கிர்கோஃப் நிபந்தனையைக் குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் கட்டாயப்படுத்தும் டிகேடி (1980), நறுக்குத் திரிபைத் தனியாக இடைச்செருகும் எம்ஐடிசி4 (1984). பெரிய மென்பொருள்களில் இதெல்லாம் உள்ளேயே இருக்கும். நீங்களே பைத்தானில் ப்ராஜெக்ட்டுக்கு எழுதுகிறீர்கள் என்றால், தகட்டின் கனத்தைப் பத்தில் ஒன்றாக்கி, சுமையை ஆயிரத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள். மெல்லிய தகட்டின் தொய்வு மாறக் கூடாது. சுருங்கிப் போனால் லாக்கிங்.

மெஷ்ஷைச் சின்னதாக்கச் சின்னதாக்க மொமென்ட் ஏறிக்கொண்டே போகிறதே, சார்?

புள்ளிச்சுமை வைத்திருப்பீர்கள். ஒற்றைப் புள்ளியில் சுமை வைத்தால் அதன் அடியில் தொய்வுக்கு எல்லை உண்டு, மொமென்ட்டுக்கு எல்லை இல்லை. மெஷ் எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஏறும், நிற்கவே நிற்காது. லாரி டயர் ஊசி முனையிலா நிற்கிறது? டயர் தரையைத் தொடும் பரப்பில் சுமையைப் பரப்புங்கள், எண் ஓரிடத்தில் நின்றுவிடும். ஓட்டையின் கூர்மையான உள்மூலையிலும் இதே கூத்துதான். அங்கே மூலையை உருட்டி வெட்டச் சொல்லுங்கள், பட்டறைக்கும் அதுதான் நல்லது.

என் தகடு எளிய தாங்கலா, இறுக்கமா? எதைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவம்தான் பதில்.

சில வருடங்களுக்கு முன் மணலி பக்கம் ஒரு யார்டுக்குக் கால்வாய் மூடிகள் வரைந்து கொடுத்தேன். மேலே சொன்ன அதே அளவு. ‘சுற்றிலும் ஆங்கிள் ஃப்ரேம் இருக்கிறதே’ என்று நாலு விளிம்பையும் இறுக்கமாகப் போட்டேன். மென்பொருள் 0.34 மி.மீ. என்றது. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் சூப்பர்வைசர் போன். “சார், நைட்டெல்லாம் டிரம் ட்ராலி போறப்ப டக்கு டக்குனு அடிக்குது. வாட்ச்மேன் கேட்டை விட்டுட்டு அந்தாண்ட போய் உக்காந்துக்கினு இருக்காரு.”

போய்ப் பார்த்தேன். மூடி ஆங்கிள் மேல் சும்மா கிடந்தது. சுத்தம் செய்யத் தூக்க வேண்டும் என்பதால் வெல்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. நடுவில் ஒருவரை நிற்கச் சொல்லிவிட்டு, மூலையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினேன், தடையில்லாமல் உள்ளே போனது. அவர் இறங்கியதும் கார்டு மாட்டிக்கொண்டது. வளையும் சதுரத் தகட்டின் மூலைகள் மேலே எழும்பும் என்று பாடம் நடத்தியவன் நான்! எளிய தாங்கலில் தொய்வு 1.1 மி.மீ., நான் போட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மூலை எழும்பாமல் பிடித்து வைத்தால்தான் அந்த 1.1-ம். பிடிக்காவிட்டால் இன்னும் கூடும்.

மூலை ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடிக்க வேண்டிய விசை 0.065 × சு × ப². நமக்கு 325 நியூட்டன், ஏறக்குறைய 33 கிலோ. மூலைக்கு ஒரு கவுன்ட்டர்சங்க் போல்ட் போட்டோம், சத்தம் நின்றது. தகைவு (ஸ்ட்ரெஸ்) அபாய அளவில் இல்லை (15 மெகாபாஸ்கலை ஒட்டித்தான்), அதனால் உடைந்து எதுவும் ஆகவில்லை. மானம்தான் கொஞ்சம் போனது.

ஆகவே வரைபடத்தை நம்பாதீர்கள், விளிம்பைப் போய்ப் பாருங்கள். தொடர் வெல்டு இருந்தாலும், அடியில் இருக்கும் ஆங்கிள் தானே முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு மெலிதாக இருந்தால் அது முழு இறுக்கம் ஆகாது. சந்தேகம் என்றால் இரண்டையும் ஓட்டுங்கள். தொய்வை எளிய தாங்கலிலிருந்தும், விளிம்பு வெல்டுக்கான மொமென்ட்டை (0.0513 × சு × ப²) இறுக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் ஸ்லாபுக்கும் இந்த மூலை விஷயம் உண்டா?

உண்டு. இந்தியக் கான்கிரீட் விதிமுறையான ஐஎஸ் 456:2000-ல் அனெக்ஸ் டி (பின்னிணைப்பு) மூலைக் கம்பி கேட்பது இதற்காகத்தான். இரண்டு பக்கமும் தொடர்ச்சி இல்லாத மூலையில், குறுகிய பக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு, மேலும் கீழுமாக நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் தேவைப்படும் கம்பியில் முக்கால் பங்கு. ‘மூலையில் என்ன சார் பெரிய லோடு’ என்று மேஸ்திரி அதை விட்டுவிடுவார். பிற்பாடு மொட்டைமாடியின் மூலையில் குறுக்காக விரிசல் வந்தால், வாட்டர்புரூஃபிங் ஆளைக் கூப்பிடும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்ட டேங்க் மூடியை நேர்கோட்டுத் துண்டுகளாகப் போட்டால் தப்பா?

துண்டுகளை அதிகமாக்கினால் வட்டமாகிவிடும், விடையும் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிர்கோஃப் தகட்டில், எளிய தாங்கலில், அது நடக்காது! பாய்சான் விகிதம் 0.3 என்றால் வட்டத் தகட்டின் நடுத்தொய்வு 0.0637 × சு × ஆரம்⁴ ÷ வி. பலகோணத்தின் பக்கங்களை எத்தனை ஆக்கினாலும் விடை போய் நிற்பது 0.0469-ல். 26 சதவீதம் குறைவு, அதுவும் ஆபத்தான பக்கம். பபுஷ்காவின் புதிர் என்பார்கள். நேர்விளிம்பில் மொமென்ட் இல்லை என்றால் வளைவும் இல்லை. வட்ட விளிம்பில் அப்படியில்லை, அதன் சொந்த வளைவு உள்ளே நுழைகிறது. நேர்துண்டுகள் அதைத் தொலைத்துவிடுகின்றன. மிண்ட்லின் கூறில் விளிம்பின் தொய்வை மட்டும் பூட்டி, சுழற்சிகளைத் திறந்து விட்டால் தப்பிக்கலாம். எனக்குப் பிடித்த வைவா கேள்வி இது.

காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் தகடு அரித்துவிடுகிறதே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

அரித்த பிறகு மிஞ்சும் கனத்தைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். 6 மி.மீ. தகடு 5 ஆனால் ‘ஒரு மில்லிதானே’ என்பார்கள். விறைப்பு மும்மடியில் போவதால் 42 சதவீதம் போய்விட்டது, தொய்வு 1.7 மடங்கு, தகைவு 1.44 மடங்கு. செக்கர்டு பிளேட் என்றால் மேலே இருக்கும் மேடுகளைக் கனத்தில் சேர்க்காதீர்கள்.

6 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ. தொய்வு வந்தது. சரியா?

கணக்கு சரி, கோட்பாடு சரியில்லை. நம் அளவும் சுமையும் என்றால் 5.1 மி.மீ. வரும்தான். ஆனால் தொய்வு கனத்தில் பாதியைத் தாண்டினால் தகடு விரித்துப் பிடித்த போர்வை மாதிரி இழுவையாலும் தாங்க ஆரம்பிக்கும். நேரியல் கணக்கு அதைப் பார்க்காது, தொய்வைக் கூட்டியே சொல்லும். மென்பொருளில் பெருந்தொய்வுக் கணக்கை இயக்குங்கள். விளிம்பு உள்ளே நகர முடியாதபடி பிடித்திருந்தால்தான் அந்த இழுவை முழுதாகக் கிடைக்கும். சும்மா கிடக்கும் மூடிக்கு அதை நம்பி உட்காராதீர்கள்.

மிண்ட்லினா கிர்கோஃபா?

கனம், பக்கத்தில் பத்தில் ஒன்றுக்குக் கீழே என்றால் கிர்கோஃப் போதும். கனத்த ராஃப்ட் அடித்தளம் மாதிரி என்றால் மிண்ட்லின்.

எந்த மென்பொருள் நல்லது?

உங்களுக்கு எது தெரியுமோ அது. ஸ்டாட், சாப், ஆன்சிஸ், எதுவானாலும் முதல் நாள் நம் சதுரத் தகட்டைப் போட்டு 1.11 மி.மீ. வருகிறதா பாருங்கள். பிறகு நாலு பக்கமும் இறுக்கி 0.34 வருகிறதா பாருங்கள். ‘எம்எக்ஸ்’ என்பது எக்ஸ் திசையில் தகைவு தரும் மொமென்ட்டா, எக்ஸ் அச்சைச் சுற்றிய மொமென்ட்டா என்று கையேட்டில் தேடிப் படியுங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சதுரத்தில் இது தெரியாது, ஆகவே 1-க்கு 2 செவ்வகத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தகட்டின் அளவு, வெர்னியரில் மூன்று இடத்தில் எடுத்த கனம், மேலே என்ன போகும் வரும் என்ற விவரம். முக்கியமாக நாலு விளிம்பையும் அடியிலிருந்து எடுத்த போட்டோ. மேலிருந்து எடுத்தது வேண்டாம், அதில் வெல்டு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வராதீர்கள், காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருப்பேன்.